குள்ளத் தக்காளியைப் பையில் வளர்ப்பது: பாலக்காட்டுக் கணவாய் ஓரத்து மொட்டைமாடிகளுக்கு முழுமையான வழிகாட்டி

குள்ளத் தக்காளி விதை கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் காரியம், சின்னத் தொட்டி வாங்குவது. குட்டையாக இருப்பது தண்டு மட்டும்தான். வேரும் பழமும் முழு அளவுதான். மூன்றடிச் செடியில் 200 கிராம் பழம் காய்க்கிற ரகங்கள் உண்டு. அதை எட்டு அங்குலத் தொட்டியில் வைத்தால், பொள்ளாச்சி, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் தை மாதம் அடிக்கிற கிழக்குக் காற்றில் முற்பகலிலேயே தலை தொங்கிவிடும். அதனால் இங்கே பையின் அளவு, பையில் நிரப்புகிற தேங்காய் நார்க்கழிவு, விதைக்கும் தேதி ஆகிய மூன்றுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். ரகம் அதற்குப் பிறகுதான்.

எது குள்ளம்

கடையில் 'குட்டைச் செடி' என்று விற்கப்படுவது மூன்று வகை. மூன்றுக்கும் வளர்ப்பு முறை வேறு.

முதலாவது, ஓரளவு வளர்ந்ததும் நுனியில் பூங்கொத்து வைத்து நின்றுவிடும் புதர் வகை. நம் வயல்களில் இருக்கிற பிகேஎம் 1 இந்த வகைதான். அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து சடுதி மாற்றம் மூலம் பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட ரகம் அது. ஒரே சமயத்தில் காய்த்து முடித்துவிடும். இரண்டாவது, மைக்ரோ வகை. ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 1989-இல் வெளியிட்ட மைக்ரோ டாம், நியூ ஹாம்ப்ஷயரில் 1945-இல் வந்த டைனி டிம் ஆகியவை இதில் சேரும். இவற்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் தொட்டி போதும், ஜன்னல் விளிம்பில்கூட வரும். ருசி சுமார்தான்.

மூன்றாவதுதான் நம் விஷயம்: குள்ள மரபணு உள்ள செடி. கணுவுக்குக் கணு இடைவெளி குறைவு, தண்டு தடிமன், இலை கரும்பச்சையாகவும் சுருக்கம் சுருக்கமாகவும் இருக்கும். வளர்ச்சி நிற்காது, ஆனால் மெதுவாகப் போகும். மூன்று நான்கு அடிக்குள் இருந்துகொண்டே தொடர்ந்து காய்க்கும். இப்படிப்பட்ட பழைய ரகங்கள் கைவிட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. 2005-06 வாக்கில் அமெரிக்காவின் கிரேக் லெஹூலியரும் ஆஸ்திரேலியாவின் பட்ரினா நஸ்கே ஸ்மாலும் சேர்ந்து, இரு நாட்டு வீட்டுத் தோட்டக்காரர்களைக் கூட்டி, இந்தக் குள்ளங்களைப் பெரிய பழ மரபு ரகங்களோடு மகரந்தம் கலந்து புது ரகங்களைப் பிரித்தெடுக்கத் தொடங்கினார்கள். வடக்கே ஒரு கோடை, தெற்கே ஒரு கோடை என்று வருடத்துக்கு இரண்டு தலைமுறை கிடைத்தது. ரோசெல்லா பர்ப்பிள், டாஸ்மேனியன் சாக்லேட், ட்வார்ஃப் ஸ்வீட் சூ, சம்மர்டைம் கிரீன், உலுரு ஓக்கர் போன்றவை அந்த வழியில் வந்தவை.

விதை

முதல் வருடம் இரண்டு ரகம் போதும். நம் வெயிலுக்கு நடுத்தரப் பழ ரகங்கள் பிழைக்கும். ஒவ்வொரு பழமும் கால் கிலோவைத் தாண்டும் ரகங்களில் பூ உதிர்வு அதிகம், அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழுத்தும் பச்சையாகவே இருக்கும் ரகத்தை முதல் ரகமாக எடுக்காதீர்கள். எப்போது பறிப்பது என்பதை விரலால் அழுத்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குள் அணில் முந்திக்கொள்ளும்.

வெளிநாட்டிலிருந்து விதை வரவழைக்க ஆசை வரும். தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை 2003-இன்படி அதற்கு இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். உறைக்குள் மடித்து அனுப்புவது சட்டத்துக்கு மாறானது என்பது ஒருபுறம். விதை வழியே பரவும் தக்காளி வைரஸ்கள் இருக்கின்றன என்பது அதைவிடப் பெரிய விஷயம். உள்நாட்டில் விதை சேகரிப்பவர்களிடமே வாங்குங்கள். வாங்கும்போது பழத்தின் படத்தைக் கேட்காதீர்கள், இருபது நாள் நாற்றின் படத்தைக் கேளுங்கள். குள்ளத்தன்மை ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். நெட்டை ரக மகரந்தம் கலந்திருந்தால் அந்த விதையிலிருந்து வரும் நாற்று நெட்டையாகவே எழும். இரண்டு வாரத்திலேயே அது தெரிந்துவிடும்: பக்கத்து நாற்று கட்டையாக உட்கார்ந்திருக்க, இது மட்டும் கழுத்து நீண்டு நிற்கும். தயங்காமல் பிடுங்கி எறியுங்கள்.

எந்த மாதம்

தக்காளிக்கு இரவுச் சூடுதான் எதிரி. இரவு 24 டிகிரிக்கு மேலும் பகல் 35 டிகிரிக்கு மேலும் தொடர்ந்து இருந்தால் மகரந்தம் வலுவிழந்து பூ காம்போடு உதிரும். கணவாய் ஓரத்தில் பூக்கும் காலம் மார்கழி, தை மாதங்களில் விழ வேண்டும் என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். குள்ள ரகம் மெதுவாக வளர்வதால் நாற்றுக்கே 32 முதல் 35 நாள் ஆகும், சாதாரணத் தக்காளிக்கு 25 நாள் போதும். நட்ட பிறகு பூவுக்கு நான்கு வாரம். ஆக, புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசி முதல் வாரத்தில் விதைத்து, கார்த்திகை முதல் வாரத்தில் பைக்கு மாற்ற வேண்டும். தை பாதியில் முதல் பழம். மாசி வரை நல்ல காய்ப்பு, பங்குனியில் வெயில் ஏறியதும் தானாகக் குறையும்.

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை கனமாக இருக்கும். அங்கே பத்து நாள் தள்ளி விதைக்கலாம். ஆனி, ஆடிச் சாரலை நம்பி இந்த ரகங்களை வைக்க வேண்டாம். இலை அடர்த்தி அதிகம், ஈரம் காயாது, கருகல் நோய் ஒரே வாரத்தில் செடியை மொட்டையடித்துவிடும்.

பை

குறைந்தபட்சம் 12-க்கு 12 அங்குலப் பை, நிரப்பினால் சுமார் 20 லிட்டர் பிடிக்கும். 15-க்கு 15 கிடைத்தால் அதையே எடுங்கள். அதில் ஏறக்குறைய இரட்டிப்புக் கலவை பிடிக்கும், ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் செடி தாங்கும். ஒரு பைக்கு ஒரு செடிதான். வெள்ளை நிறத்தில் தடித்த பை நல்லது, கறுப்புப் பை மதியத்தில் ஓரத்து வேரைச் சுட்டுவிடும். துணிப்பை மற்ற ஊர்களில் அருமையான பொருள்தான், ஆனால் இந்தக் காற்றில் நான்கு பக்கமும் காய்ந்துபோகும். மண் தொட்டிக்கும் அதே குறை.

20 லிட்டர் பெயிண்ட் வாளியும் உதவும். உள்ளே நன்றாகச் சுரண்டிக் கழுவி, அடியில் 10 மில்லிமீட்டர் துளை எட்டு, பக்கவாட்டில் அடியிலிருந்து ஓரங்குலம் மேலே நான்கு துளை போடுங்கள். தரையோடு தரையாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தரையோடு வைத்தால் அடித்துளை அடைபட்டு வேர் அழுகும்.

நார்க்கழிவு: இங்கேதான் கவனம்

பொள்ளாச்சியைச் சுற்றி மஞ்சி மில்லுக்கு, அதாவது தேங்காய் நார் பிரிக்கும் ஆலைக்கு, பஞ்சமில்லை. நார்க்கழிவு மலைபோலக் கிடக்கும், சும்மாவே கிடைக்கவும் செய்யும். அதை அப்படியே அள்ளிவந்து பையில் போட்டால் மூன்றாவது வாரம் செடி மஞ்சளாகி நின்றுவிடும். காரணம் இரண்டு. புதுக் கழிவில் கரிமம்–தழைச்சத்து விகிதம் 112-க்கு 1 என்ற அளவில் இருக்கும். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தின்றுவிடும். நன்றாக மட்கியதில் இது 24-க்கு 1 வரை இறங்கும். இரண்டாவது உப்பு. தேங்காய் மட்டையில் சோடியமும் பொட்டாசியமும் அதிகம், மட்டை ஊறிய தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் அதிகம்.

மில்லில் வாங்குவதாக இருந்தால் குவியலின் மேலே இருக்கும் செம்பழுப்புத் தூளை விடுங்கள். ஒன்றிரண்டு மழைக்காலம் நனைந்து கறுத்துப்போன அடிப்பகுதியைக் கேளுங்கள். கட்டியாக வாங்குகிறீர்கள் என்றால் 5 கிலோக் கட்டி ஊறி 60, 70 லிட்டர் வரை வரும், ஆறு பைக்குப் போதும்.

கழுவும் முறை இது. ஊறிய கழிவைக் கோணிச் சாக்கில் போட்டு, தண்ணீரில் ஓர் இரவு மூழ்க வைத்து, காலையில் பிழிந்து வடிக்கவும். இப்படி மூன்று தடவை. பிறகு 15 லிட்டர் கழிவுக்கு, 10 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஊற்றி, மறுபடி ஓர் இரவு விடவும். கடைசியாக நல்ல தண்ணீரில் ஓர் அலசு. இந்தக் கால்சியம் ஊறலைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். வெறும் தண்ணீர், கரைந்திருக்கும் உப்பை மட்டுமே கொண்டுபோகும். நாரில் ஒட்டியிருக்கும் சோடியம் கழன்று வர அந்த இடத்தில் கால்சியம் போய் உட்கார வேண்டும். இல்லையென்றால் பிறகு நீங்கள் செடிக்குக் கொடுக்கிற கால்சியத்தை நார் பிடித்து வைத்துக்கொள்ளும், பழத்தின் அடி கறுக்கும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஊற்றுகிற தண்ணீருக்குக் காட்டும் எண்ணைவிட வடிகிற தண்ணீரின் எண் 300 பிபிஎம்முக்குள் கூடுதலாக இருந்தால் கழிவு தயார். உங்கள் போர் தண்ணீரே 1000 பிபிஎம்மைத் தாண்டினால், ஐப்பசி மழையை டிரம்மில் பிடித்து வைத்து நாற்றுக்காவது அதைப் பயன்படுத்துங்கள்.

20 லிட்டர் பைக்குக் கலவை: கழுவிய நார்க்கழிவு 10 லிட்டர், மண்புழு உரம் அல்லது நன்றாக மட்கிய தொழுவுரம் 5 லிட்டர், கருக்கிய உமி 3 லிட்டர், கழுவிய பருமணல் 2 லிட்டர். அதோடு வேப்பம் புண்ணாக்கு 100 கிராம், எலும்புத் தூள் 50 கிராம், ஜிப்சம் 20 கிராம், வேரழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா 20 கிராம். புட்டுமாவுப் பதத்துக்கு ஈரமாக்கி, நிழலில் பத்து நாள் மூடி வைத்த பிறகு நடவு. புண்ணாக்கு கலந்த அன்றே நட்டால் அது நொதித்து எழுப்பும் சூட்டில் இளவேர் கருகும். முட்டை ஓடு போடுவதில் தவறில்லை, ஆனால் அது கரைந்து இந்தப் பருவத்துச் செடிக்குக் கிடைக்கப் போவதில்லை.

இந்தக் கலவையில் தோட்டத்து மண் இல்லாதது வேண்டுமென்றேதான். பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்துக் கரிசல் பைக்குள் இறுகி, காய்ந்தால் வெடித்து, நனைந்தால் சேறாகும். பாலக்காட்டுக்கு மேற்கே போனால் புளிப்புச் செம்மண், அதில் பாக்டீரியா வாடல் குடியிருக்கும்.

நாற்று

98 குழித்தட்டு வேண்டாம், 50 குழித்தட்டு எடுங்கள். நாற்று அதிக நாள் தட்டிலேயே இருக்கப்போகிறது. அரை சென்டிமீட்டர் ஆழம், குழிக்கு ஒரு விதை. ஐந்து முதல் எட்டு நாளில் முளைக்கும், பழைய விதை பத்து நாள் எடுத்துக்கொள்ளும். முளை தெரிந்த அன்றே காலை வெயிலுக்கு மாற்றுங்கள். தண்ணீரை மேலே தெளிக்காமல் தட்டின் அடியில் ஊற்றி உறிஞ்ச விட்டால் நாற்றழுகல் குறையும்.

முளைத்த நாளிலிருந்தே 40 அல்லது 50 மெஷ் நைலான் வலைக்குள் வைப்பது கட்டாயம். வெள்ளை ஈ ஒரு தடவை குத்தினாலே இலைச்சுருட்டு வைரஸ் ஏறிவிடும். குள்ள ரகத்தில் இதைக் கண்டுபிடிப்பது சிரமம், ஏனென்றால் இலையே சுருக்கமானது. நல்ல செடியை நோய்ச்செடி என்று பிடுங்குவதும், நோய்ச்செடியை ரகத்தின் குணம் என்று விட்டுவைப்பதும் சகஜமாக நடக்கிறது. வித்தியாசம் இதுதான்: ரகத்தின் சுருக்கம் எல்லா இலையிலும் ஒன்றுபோல, கரும்பச்சையாக, இலை தட்டையாக விரிந்திருக்கும். வைரஸ் பிடித்தால் ஓரம் மஞ்சளாகி இலை கிண்ணம்போல் மேல்நோக்கிக் குவியும், புது இலை முந்தையதைவிடச் சிறுத்துக்கொண்டே வரும். அதற்கு மருந்து இல்லை.

நடவும் ஊன்றுகோலும்

மாலையில் நடுங்கள். முளைக்கும்போது முதலில் விரிகிற வித்திலை வரை புதைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். தண்டு குட்டை, இலை மண்ணைத் தொட்டால் அழுகல் ஏறும். நோயைத் தடுக்கும் நன்மை பாக்டீரியாவான சூடோமோனாஸ் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து வேரடியில் ஊற்றுங்கள்.

தண்டு தடிமன் என்று நம்பி ஊன்றுகோலை விட்டுவிடாதீர்கள். நட்ட அன்றே நான்கடி மூங்கில் குச்சியை ஊன்றிவிட வேண்டும், பிறகு குத்தினால் வேர் அறும். வாழைநாரால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். காய் பெருத்ததும் கிளைகளையும் கட்ட வேண்டும். காய்க்கொத்து கனத்துக் காற்றும் அடித்தால் கிளை தண்டோடு சேருமிடத்தில் பிளந்துவிடும்.

வடகிழக்குப் பருவம் ஓய்ந்ததும் கிழக்குக் காற்று கணவாயை நோக்கி இரவு பகலாக அடிக்கும். கிழக்குப் பக்கம் நான்கடி உயரத்துக்கு 50 சதவீத நிழல்வலையைச் செங்குத்தாகக் கட்டுங்கள். தகரமோ தார்ப்பாயோ கட்டினால் காற்று அதற்கு மேலே ஏறிச் சுழன்று செடியின் மேலேயே விழும். வலை காற்றை வடிகட்டி விடும்.

தண்ணீர்

நட்ட முதல் இரண்டு வாரம் நாளுக்கு அரை லிட்டர். பூக்கும்போது ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர். காய் பெருக்கும்போது, கிழக்குக் காற்று அடிக்கிற நாளில், 20 லிட்டர் பைக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் வரை, காலையும் பிற்பகலுமாகப் பிரித்து. விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், மேல்பரப்பு காய்ந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். மதியம் இலை சற்றுத் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் அது வெயில்தான். காலையிலும் துவண்டிருந்தால்தான் தண்ணீர்க் குறை, அல்லது வேர் அழுகல்.

சொட்டுநீர் போட முடிந்தால் பைக்கு மணிக்கு 2 லிட்டர் சொட்டுவான் இரண்டு, காலை இருபது நிமிடம், மூன்று மணிக்கு இருபது நிமிடம். அது இரண்டரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். மேலே காய்ந்த தென்னோலையை நறுக்கி இரண்டங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள்.

பழத்தின் அடி கறுத்துத் தோல் போலாவது பெரும்பாலும் கால்சியம் இல்லாததால் அல்ல. கால்சியம் தண்ணீரோடுதான் பழத்துக்குப் போகும். ஒரு நாள் காய்ந்து மறுநாள் குளிக்கிற பையில் அந்த ஓட்டம் அறுபடும். கறுத்த காயைப் பறித்துப் போட்டுவிட்டுத் தண்ணீரைச் சீராக்குங்கள், அடுத்த கொத்து சரியாக வரும்.

உரம்

முதல் மூன்று வாரம் ஒன்றும் வேண்டாம். பிறகு வாரம் ஒரு தடவை நீரில் கரையும் 19:19:19 உரம் (எண்கள் முறையே தழை, மணி, சாம்பல் சத்தின் சதவீதம்) லிட்டருக்கு 2 கிராம், பைக்கு ஒரு லிட்டர். மொட்டு தெரிந்ததும் இதை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் 13:0:45 லிட்டருக்கு 2 கிராம், மறுவாரம் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு ஒன்றரை கிராம். அடியிலைகளில் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் தெரிந்தால் மெக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு ஒரு கிராம். கால்சியம் நைட்ரேட்டை சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் ஒரே வாளியில் கலக்காதீர்கள், சுண்ணாம்புபோல அடியில் படிந்துவிடும். இயற்கை வழியில் போகிறவர்கள் மீன் அமிலம் லிட்டருக்கு 5 மில்லி, பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி என்று வாரம் மாற்றி மாற்றி விடலாம்.

தழைச்சத்து மிஞ்சினால் குள்ள ரகம் உயரமாகப் போகாது, உள்ளுக்குள்ளேயே இலையை அடுக்கிக்கொண்டு பூவே வைக்காது. உயரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் பலர் மேலும் உரம் போடுகிறார்கள். பக்கக் கிளைகளை நெட்டைத் தக்காளியில் கிள்ளுவதுபோல இதில் கிள்ள வேண்டாம், காய்ப்பே அவற்றில்தான். முதல் பூங்கொத்துக்குக் கீழே உள்ள இலைகளை எடுத்துவிட்டு, நடுவில் நெரிசலாக இருக்கும் ஒன்றிரண்டு கிளைகளை மட்டும் வெட்டினால் காற்று புகும்.

பூத்த பிறகு காலை எட்டிலிருந்து பதினொரு மணிக்குள் குச்சியை விரலால் நாலு தட்டு தட்டுங்கள், மகரந்தம் உதிர அது போதும். மாசியில் வெயில் ஏறும்போது 35 சதவீத நிழல்வலையை மேலே கட்டினால் இன்னும் இரண்டு மூன்று வாரம் காய் பிடிக்கும்.

என்ன கெடும்

பாக்டீரியா வாடல்: இலை பச்சையாக இருக்கும்போதே செடி முழுதும் தொங்கும், மஞ்சளாகாது. அடித்தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டால் சில நிமிடங்களில் பால்போன்ற கசிவு நூலாக இறங்கும். செடியையும் கலவையையும் சேர்த்தே அப்புறப்படுத்துங்கள். அந்தக் கலவையைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும்கூடப் போடக் கூடாது. திரும்பத் திரும்ப வந்தால், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வாடல் தாங்கும் ரகங்களான சக்தி, முக்தி, அனகா ஆகியவற்றில் ஒன்றை வேர்ச்செடியாக வைத்து அதன்மேல் குள்ள ரகத்தை ஒட்டுக்கட்டலாம். இரண்டு தண்டும் ஒரே பருமனாக இருக்கும்படி விதைப்பை முன்பின் செய்ய வேண்டும்.

வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி அடியிலையில் தொடங்கினால் இலைக்கருகல். அந்த இலைகளை உடனே கிள்ளி வெளியே போட்டுவிட்டு காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் தெளியுங்கள். உறையில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியும் வரை பறிக்காதீர்கள். இலையில் கொப்புளம்போல வெளுத்த திட்டு, காயில் ஊசி குத்திய துளை இருந்தால் 2014 முதல் இந்தியாவில் இருக்கிற ஊசிப்புழு. இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று தொங்கவிட்டு, திட்டு விழுந்த இலைகளை நசுக்கிப் போடுங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டட்டை, வாரம் ஒரு முறை மாலையில் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி சோப்புக் கரைசலோடு. குள்ள ரகத்தின் இலை சுருக்கங்களுக்குள் பூச்சி ஒளிந்திருக்கும், அடிப்பக்கம் நனையும்படி கீழிருந்து மேலாகத் தெளிக்க வேண்டும்.

பறிப்பும் விதையும்

அடியில் நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வைக்கலாம், ருசி அவ்வளவாகக் குறையாது. அணிலும் கிளியும் வரும் இடத்தில் இதுதான் வழி. செடிக்கு ஒன்றரை முதல் இரண்டரை கிலோ வந்தால் நல்ல மகசூல்.

விதைக்கு என்று இரண்டாவது அல்லது மூன்றாவது கொத்தை ஒதுக்குங்கள். மொட்டாக இருக்கும்போதே சன்னத் துணிப்பையால் மூடி, காய் பிடித்ததும் கழற்றிவிட்டு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும், இருந்தாலும் மொட்டைமாடியில் பைகள் நெருக்கமாக இருப்பதால் தேனீ கலந்துவிடும். செடியிலேயே முழுதாகப் பழுக்க விட்டு, விதையையும் சாற்றையும் டம்ளரில் பிழிந்து, நம் வெயிலுக்கு ஒன்றரை அல்லது இரண்டு நாள் புளிக்க விடுங்கள். அதற்கு மேல் விட்டால் டம்ளரிலேயே முளை கிளம்பும். அலசி, தட்டில் பரப்பி, நிழலில் ஒரு வாரம் காயவைத்து, ரகப் பெயரும் வருடமும் எழுதிக் காற்றுப் புகாத சீசாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் நான்கு ஐந்து வருடம் முளைப்பு இருக்கும். இந்தப் புதுக் குள்ள ரகங்களில் பலவும் திறந்த விதை உறுதிமொழியோடு வெளியானவை. யாருக்கும் கொடுக்கலாம், அதிலிருந்து புது ரகம் பிரிக்கலாம், ஆனால் காப்புரிமை போன்றவற்றால் அடுத்தவர் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது. கொடுக்கும்போது உறையில் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.